பத்து வருட இடைவெளிக்குப் பிறகு சர்ஃபிங்: எந்த போர்டு, என்ன பயிற்சி?

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் கொஞ்சம் சர்ஃபிங் கற்றவர். உடைந்து கரைக்கு வரும் நுரையலையில் எழுந்து நிற்கிற அளவுக்கு வந்திருந்தார். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று பத்து வருடம் ஓடிவிட்டது. இப்போது வயது 36, எடை 76 கிலோ, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். வீடு தண்டையார்பேட்டை. துறைமுகம் பக்கம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. வலது தோளில் பழைய வலி ஒன்று உண்டு. தெரிந்தவர் ஒருவர் 6 அடி 2 அங்குல ஷார்ட்போர்டை மலிவாகத் தருகிறேன் என்கிறார். அதை வாங்கலாமா, உடம்பை எப்படித் தயார் செய்வது, கோவளம் வரை போகாமல் திருவொற்றியூர் பக்கமே இறங்கிப் பழகலாமா என்பது கேள்வி.

அந்த போர்டை வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் இப்போதைக்கு வேண்டாம். திருவொற்றியூரிலும் இறங்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

திரும்பி வருகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு காலைப் பொழுதில் எத்தனை அலையில் எழுந்து நிற்கப் போகிறீர்கள்? சர்ஃபிங்கில் ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்தாலும் போர்டின் மேல் காலூன்றி நிற்பது சில விநாடிகள்தான். அந்த விநாடிகளில்தான் உடம்பு கற்கிறது. மற்ற நேரமெல்லாம் படுத்தபடி கைகளால் துடுப்புப் போடுவதும் காத்திருப்பதும்தான். ஆகவே எந்த போர்டு, என்ன பயிற்சி, எந்த மாதம், எந்தக் கரை என்ற எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவுகோல் போதும்: அது அலை எண்ணிக்கையைக் கூட்டுமா, குறைக்குமா?

இந்தக் கணக்கில் 6 அடி 2 அங்குல போர்டு படுதோல்வி. அப்படிப்பட்ட ஷார்ட்போர்டின் கொள்ளளவு சுமார் 30 லிட்டர்தான் இருக்கும். 76 கிலோ ஆள் அதன் மேல் படுத்தால் போர்டும் ஆளும் பாதி தண்ணீருக்குள்ளேயே கிடப்பார்கள். துடுப்புப் போட்டால் வேகம் வராது. போதாததற்கு அந்த போர்டுகளுக்கு மூக்கும் வாலும் மேல்நோக்கி நன்றாக வளைந்திருக்கும். செங்குத்தான அலையில் வேகமாகத் திரும்ப அந்த வளைவு வேண்டும். ஆனால் சாதுவான அலையில் அதே வளைவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போர்டைப் பிடித்து இழுக்கும். அலை உங்களைத் தாண்டிப் போய்விடும். அடுத்த அலையும் அப்படித்தான். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும், அதுவும் ஏற்கெனவே வலி உள்ள தோள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் வாகையர் போட்டி நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் பூதிஹால் வெண்கலம் வென்றார். அதைப் பார்த்துவிட்டு அந்தப் போட்டியாளர்கள் கையில் இருந்த மாதிரி போர்டு வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்புதான். அவர்கள் சிறு வயதிலிருந்து தினமும் தண்ணீரில் கிடப்பவர்கள். அந்த போர்டு அவர்கள் கைக்கும் காலுக்கும் செய்தது.

உங்களுக்கு வேண்டியது 8 அடி ஃபோம் போர்டு. அகலம் 22 அங்குலத்துக்கு மேல், கனம் 3 அங்குலத்துக்கு மேல், கொள்ளளவு 75 முதல் 90 லிட்டருக்குள். எடை 85, 90 கிலோவைத் தாண்டியவர்கள் 9 அடிக்குப் போகலாம். நீளமான போர்டு அலையை முன்னதாகவே பிடித்துவிடும். அலை செங்குத்தாவதற்கு முன்பே உங்களுக்கு வேகம் இருக்கும், எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். அகலம் இருப்பதால் கால் கொஞ்சம் தப்பாக விழுந்தாலும் கவிழாது. மேல்பாகம் மெத்தென்று இருப்பதால் தலையில் பட்டாலும் மண்டை உடையாது. அலையோடு உருண்டு வரும் கெட்டி ஃபைபர் போர்டின் விளிம்பும் அடிப்பக்கத்துத் தகடான ஃபின்னும் என்ன செய்யும் என்பதைக் கோவளத்தில் யாரைக் கேட்டாலும் தையல் தழும்பைக் காட்டிச் சொல்வார்கள்.

வாங்குவதா, வாடகையா? முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வாடகைதான். தண்டையார்பேட்டையிலிருந்து கோவளம் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். 8 அடி என்பது இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் ஏற்ற முடியாது. பைக்கில் ரேக் கட்டிக்கொண்டு ஈசிஆரில் போகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கக் காற்று அடித்தால் வண்டியையே தள்ளிவிடும். சர்ஃபிங் பள்ளிகளில் எல்லா அளவிலும் ஃபோம் போர்டு வைத்திருப்பார்கள். ஒரு நாள் 8 அடி, மறுநாள் 9 அடி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எது சரிப்படுகிறது என்று உடம்பே சொல்லிவிடும்.

பிறகு சொந்தமாக வாங்கும்போது, பழைய ஃபோம் போர்டு என்றால் சில இடங்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் நெஞ்சும் காலும் படுகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓரிடம் மட்டும் கொழகொழவென்று உள்ளே போனால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டின் ஓரங்களைப் பாருங்கள். உரிந்து, கொப்புளம் விட்டிருந்தால் வெயிலில் கிடந்த போர்டு அது. ஃபின் பொருத்துகிற குழி ஆடக் கூடாது. லீஷ், அதாவது போர்டைக் காலோடு இணைக்கிற கயிறு, கட்டுகிற குமிழைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். கடைசியாக வாலைக் கீழே சாய்த்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். எங்கிருந்தாவது தண்ணீர் கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சென்னை வெயிலுக்கு ஃபோம் போர்டு தாங்காது. பூட்டிய காரிலோ மொட்டை மாடியிலோ மதியம் முழுக்க விட்டால் உள்ளே காற்று விரிந்து மேல்தாள் பொங்கிவிடும். வீட்டுக்குள் சுவரோரம் படுக்கை வசத்தில் வைப்பதே நல்லது. லீஷ் போர்டின் நீளத்துக்குச் சமமாக, அதாவது 8 அடி இருக்கட்டும். பின்னங்காலில் கட்ட வேண்டும். கால் வழுக்காமல் இருக்கப் போர்டின் மேல் தேய்க்கிற வாக்ஸ் வாங்கும்போது வெப்பக் கடலுக்கானதைக் கேட்டு வாங்குங்கள், குளிர்க் கடலுக்கான வாக்ஸ் நம் தண்ணீரில் குழைந்துவிடும். உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டையான ராஷ்கார்டு அவசியம். இல்லையென்றால் வயிறும் மார்பும் போர்டில் உராய்ந்து மறுநாள் சட்டை போட முடியாது.

இனி வடசென்னைக் கரை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கடல் இருக்க 50 கிலோமீட்டர் போவது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் நம் கரைக்கு நடந்தது வேறு. வருடத்தின் பெரும்பகுதி நம் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் அங்கேயே தடைபட்டுத் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது அதனால்தான். வடக்கே மணல் வரத்து நின்று, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றக் கரை நெடுகக் கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் கல்வரிசைகள் நீட்டினார்கள். கரைக்கு அவை பாதுகாப்பு. போர்டோடு இறங்குகிறவனுக்கு அவைதான் ஆபத்து. கரையோரமாக ஓடி வரும் தண்ணீர் கல்வரிசையில் முட்டி, அதை ஒட்டியே கடலை நோக்கித் திரும்பும். அந்த இழுப்பில் மாட்டினால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆழம். லீஷ் கல்லிடுக்கில் சிக்கினால் கேட்கவே வேண்டாம்.

தண்ணீரும் நன்றாக இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. அங்குள்ள மீனவர் குப்பங்களின் மக்கள் வெறுங்கையாலும் வாளியாலும் எண்ணெய் அள்ளினார்கள். அந்தக் கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. பொழுதுபோக்குக்காக வாய், மூக்கு, காது எல்லாம் தண்ணீர் போகிற மாதிரி அங்கே நீங்கள் விழுந்து புரள வேண்டியதில்லை. கோவளத்திலும் பெருமழைக்குப் பிறகு மூன்று நாளாவது பொறுத்து இறங்குங்கள். முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் நம் கரையில் இறங்காமலே கற்க ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம். திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் மணல் மிச்சமிருக்கிற இடத்தில் விடிகாலையில் ஃபைபர் படகு கடலுக்குள் போவதை நின்று பாருங்கள். படகின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எஞ்சினில் ஒருவர் கை வைத்தபடி, எல்லாரும் காத்திருப்பார்கள். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்தாற்போல் வரும். யாரும் அசைய மாட்டார்கள். கடைசிப் பெரிய அலை உடைந்து நுரை கரையேறியதும் கடல் கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருக்கும். அந்த நொடியில் ஒரு குரல், ஒரு தள்ளு, அலை உடைகிற இடத்தைப் படகு தாண்டிவிடும். சர்ஃபிங்கில் ‘செட்’ என்று சொல்வது அந்த நாலைந்து அலைகளைத்தான். எப்போது துடுப்புப் போட்டு வெளியே போவது, எப்போது கரையிலேயே நிற்பது என்பது முழுக்க இந்தக் கணக்குதான். இந்தக் கணக்கு தெரிந்தவன் தெரியாதவனைவிடப் பாதி உழைப்பில் உள்ளே போய்விடுவான். மீதித் தெம்பில் இன்னும் நாலு அலை பிடிப்பான். அங்கேயே கல்வரிசையை ஒட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடையும்போது ஒரு பட்டை மட்டும் உடையாமல், கலங்கலாக, சாதுவாகத் தெரியும். அதுதான் இழுப்பு. கோவளத்திலோ வேறெங்கோ இறங்கும்போது அந்தப் பட்டையைக் கண் தானாகத் தேட வேண்டும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தாமல், போர்டை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போங்கள்.

பயிற்சிக்கு வருவோம். பத்து வருடம் கழித்து வருகிறவர்கள் கால்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நிற்கிற பழக்கம் ஓரளவு உடம்பில் தங்கியிருக்கும், சீக்கிரம் திரும்பி வரும். தங்காமல் போவது தோளும் முதுகும் மூச்சும். ஆகவே முதல் வேலை நீச்சல். மெரினாவில் மாநகராட்சியின் நீச்சல் குளம் இருக்கிறது, பெரியமேடு மை லேடீஸ் பூங்காவிலும் இருக்கிறது. இரண்டுமே உங்களுக்கு எட்டுகிற தூரம். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் கடல் இப்போது வேண்டாம், லீஷ் இருக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள். லீஷ் அறுவது உண்டு. 200 வந்துவிட்டால் 400க்கு ஏற்றுங்கள். அதன் பிறகு தூரத்தை விட்டுவிட்டு வேகத்துக்கு மாறுங்கள். 25 மீட்டர் முழு வேகத்தில், அரை நிமிடம் ஓய்வு, மறுபடி 25. இப்படி ஆறு, எட்டு முறை. அலையைப் பிடிக்கிற துடுப்பு அப்படித்தான் இருக்கும், நீண்ட நேரம் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று பத்து விநாடி உயிரைக் கொடுத்து அடிப்பது. சில சுற்று தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து நீந்துங்கள். போர்டில் படுக்கும்போது கழுத்து அந்த நிலையில்தான் இருக்கும். இரண்டாவது சுற்றிலேயே பிடரி வலிக்கும், அது பழகினால் சரியாகிவிடும்.

உங்கள் தோள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சுருக்கென்று குத்துகிற வலி இருந்தால், நீச்சலுக்கு முன்னால் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். வலியோடு துடுப்புப் போட்டுச் சரிசெய்ய முடியாது. வெறும் இறுக்கம்தான் என்றால், ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் இழுக்கிற பயிற்சியை வாரத்தில் மூன்று நாலு நாள் செய்யுங்கள். துடுப்புப் போடும்போது கை நெஞ்சுக்குக் குறுக்கே போகாமல் போர்டின் ஓரமாகவே நேராகப் பின்னால் போகட்டும்.

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் கூனி உட்கார்கிறவருக்கு மேல்முதுகு பின்னால் வளையாது. போர்டில் படுத்து நெஞ்சைத் தூக்க வேண்டும். மேல்முதுகு வளையாவிட்டால் அந்தப் பாரம் முழுக்க இடுப்பிலும் தோளிலும் இறங்கும். இதற்குப் புஜங்காசனமும் சலபாசனமும் அச்சாகப் பொருந்துகின்றன. சலபாசனத்தில் கைகளைத் துடுப்புப் போடுகிற மாதிரி அசைத்துக்கொண்டே ஒரு நிமிடம் தாங்கிப் பாருங்கள். தினமும் செய்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். இதோடு தண்டாலும் பஸ்கியும் போதும், ஜிம்மில் சேர வேண்டியதில்லை. பக்கத்தில் ஏதாவது குத்துச்சண்டை கிளப்பில் பழக்கம் இருந்தால் அங்கே போங்கள், வடசென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. முழங்கால் தளர்ந்து, எடை பாதத்தில் நின்று, தலை ஆடாமல் நகர்கிற அவர்கள் கால்வேலையும் கயிறு தாண்டுதலும் போர்டில் நிற்க நேரடியாக உதவும்.

பாப்-அப், அதாவது படுத்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து நிற்பது, பழக மொட்டை மாடி போதும். சாக்பீஸால் 8 அடி நீளம், 22 அங்குல அகலத்தில் ஒரு பலகையைத் தரையில் வரையுங்கள், நடுவில் தலை முதல் வால் வரை ஒரு கோடு. குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைக் கடைசி விலா எலும்புக்கு நேராகத் தரையில் பதியுங்கள். போர்டின் ஓரத்தைப் பிடிக்கிற பழக்கம் வேண்டாம், ஓரத்தைப் பிடித்து எழுந்தால் போர்டு அந்தப் பக்கம் சாயும். நெஞ்சைத் தள்ளித் தூக்கி, முன்னங்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து வையுங்கள். எழுந்ததும் கீழே பார்க்காதீர்கள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பார்வை காலடியில் விழுந்தால் உடம்பும் அங்கேயே விழும். பிறகு குனிந்து சரிபாருங்கள். இரண்டு பாதமும் நடுக்கோட்டின் மேல் இருக்கிறதா? ஒரு நாளைக்குப் பத்து, ஆனால் பத்தும் சரியாக. களைத்துப்போய் ஐம்பது செய்தால் தப்பான அசைவுதான் பதியும். முழங்கால் போட்டு எழுவது சுலபமாக இருக்கும்; அதைப் பழக்கிக்கொண்டால் விடுவது மிகக் கடினம்.

ஆறு வாரம் இப்படிச் செய்துவிட்டுக் கோவளம் போங்கள். ஏற்கெனவே தெரியும் என்றாலும் முதல் நாள் ஒரு பயிற்சியாளரோடு இறங்குங்கள். அங்கே கற்றுக்கொடுக்கிறவர்களில் பலர் அந்தக் குப்பத்துப் பிள்ளைகள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிவைத்த வழி அது. எந்த மணல்மேடு இந்த வாரம் எங்கே நகர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் அவர்கள் தள்ளிவிடட்டும், வெட்கப்படாதீர்கள், அலை எண்ணிக்கை கூடும். இரண்டாம் நாளிலிருந்து நீங்களே துடுப்புப் போட்டுப் பிடியுங்கள்.

படுக்கிற இடம் ஒன்றைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதிகம் முன்னால் படுத்தால் மூக்கு குத்தி உங்களைத் தூக்கி எறியும். அதிகம் பின்னால் படுத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், போர்டு நகராது. அசையாத தண்ணீரில் மூக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அப்போது உங்கள் தாடை எங்கே வருகிறதோ அங்கே வாக்ஸால் ஒரு கோடு போடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் தாடை அந்தக் கோட்டுக்கு வரட்டும். அலை வாலைத் தூக்குவது தெரிந்ததும் எழ அவசரப்படாமல் இன்னும் இரண்டு துடுப்புப் போடுங்கள். பெரும்பாலானவர்கள் அலையை விடுவது அந்த இரண்டு துடுப்பைப் போடாததால்தான்.

விழும்போது தட்டையாக, பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ விழுங்கள், தலைகீழாகப் பாயாதீர்கள். அடியில் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். நடந்து போகும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காக வைக்கக் கூடாது. பக்கத்தில், மூக்கு அலையைப் பார்க்கப் பிடியுங்கள். சொறிமீன் பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரால் கழுவுங்கள். ஏற்கெனவே ஒருவர் எழுந்து நின்று வருகிற அலையில் குறுக்கே ஏறாதீர்கள், வலை விரித்திருக்கிற பக்கம் போகாதீர்கள்.

காலம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை அலை சின்னதாக, ஒழுங்காக இருக்கும். திரும்பி வருகிறவருக்கு அதுதான் சரி. மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரும், கோவளம் அப்போதுதான் களைகட்டும், நீங்கள் நல்ல நாளாகப் பார்த்து இறங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல், கலங்கல். அந்த மாதங்களைக் குளத்துக்கு ஒதுக்குங்கள். இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அலை எச்சரிக்கைகள் வெளியிடுகிறது, கிளம்புவதற்கு முன் அதைப் பாருங்கள். உயரம் இரண்டு மூன்று அடி, அலைக்கும் அலைக்கும் இடைவெளி எட்டு விநாடிக்கு மேல் என்றால் நல்ல நாள். இடைவெளி ஐந்து விநாடி என்றால் உள்ளே போகவே மூச்சு வாங்கும். காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இருங்கள். விடிகாலையில் காற்று நிலத்திலிருந்து வரும், அலை வழவழப்பாக நிற்கும். வெயில் ஏறிக் கடல்காற்று வந்ததும் எல்லாம் குலைந்துவிடும்.

8 அடியிலிருந்து எப்போது இறங்குவது? உடையாத அலையை நீங்களாகவே பிடித்து, இடமும் வலமும் அலையின் முகத்தோடு போகவும், பத்து முயற்சியில் ஆறேழு அலை கிடைக்கவும் ஆரம்பித்த பிறகு. அப்போதும் ஒரேயடியாக ஆறு அடிக்குக் குதிக்காமல் 7 அடி 6 அங்குலம், 55 முதல் 60 லிட்டர் உள்ள போர்டுக்குப் போங்கள். அதில் உங்கள் அலை எண்ணிக்கை பாதியாகிவிட்டால் இன்னும் ஒரு சீசன் 8 அடியிலேயே இருங்கள்.